முனியாண்டியிடம் எட்டு மூட்டை

திங்கட்கிழமை காலை, ஓமப்பொடி அச்சுக்குள் மாவைத் திணித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து விமலாவின் கைப்பேசி அலறியது. கையெல்லாம் மாவு. முழங்கையால் தட்டி எடுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

“விமலா, நான் கௌரி கதைக்கிறன். கொஞ்சம் இருந்து கேளுங்கோ.”

கௌரி மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பெனியில் வேலை செய்பவள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பத்து காஜா ஊரில்தான் என்றாலும், வீட்டில் பேசிய யாழ்ப்பாணத் தமிழ் அவள் வாயை விட்டுப் போகவில்லை. அவள் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இருக்காது என்பதை இந்த நாலு மாதப் பழக்கத்தில் விமலா தெரிந்துவைத்திருந்தாள்.

“சும்மா சொல்லுங்க கௌரி. நான் ஒக்காந்தா இங்க எண்ணெய் கருகிரும்.”

“உங்கட கண்டெய்னர் பெட்டிய ஏத்த வேண்டிய கப்பல் கிள்ளானுக்கு வராது. செங்கடலால போகேலாமல் எல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்திப் போகுது. நாள் பிந்திப் போச்செண்டு இஞ்ச நிக்காம நேராப் போகப் போறாங்களாம்.”

“அப்ப அடுத்த கப்பல்?”

“அது லண்டனுக்குப் போய்ச் சேரேக்க தீபாவளி முடிஞ்சிடும். ஆனா முதலே வந்து போயிருக்க வேண்டிய கப்பல் ஒண்டு இப்பதான் வருது. அதில ஒரு பெட்டிக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கிறன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்குக் கேட்டப் பூட்டிடுவாங்கள். ஏலுமா?”

விமலாவுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. கப்பல் இல்லை என்று சொல்லியிருந்தால் அப்படியே உட்கார்ந்து அழுதிருப்பாள். ஒரு கப்பல் இருக்கிறது, ஓடினால் பிடிக்கலாம் என்று கேட்டதும் மனசு சேலையை வரிந்து கட்டிக்கொண்டது.

“ஏலும்!” என்று கத்தினாள். எதிர்ப்பக்கம் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த செல்லாயி பயந்துபோய் ஒரு முறுக்கை எட்டுப் போலப் பிழிந்துவிட்டாள்.

ஈப்போவில் புந்தோங் வட்டாரத்தைத் தெரியாதவர்கள் கூட அங்கே இருக்கும் கச்சாங் பூத்தே கம்பம் என்ற கடலைக்காரர் குடியிருப்பைத் தெரிந்து வைத்திருப்பார்கள். அந்தச் சந்துக்குள் நுழைந்தால் மூக்கே வழி சொல்லும். வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி. கடலை, பட்டாணி, முறுக்கு, பக்கோடா. வீட்டுக்கு வீடு ஒரு மசாலா, அதை அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் காட்ட மாட்டார்கள். விமலா அந்தத் தொழிலுக்குப் பிந்தி வந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் பத்து வருசம் நின்று வேலை பார்த்தாள். பெருந்தொற்று நேரத்தில் ராப்பகலாக ஓட்டிய தொழிற்சாலை, தொற்று அடங்கியதும் கையுறை வாங்க ஆளில்லை என்று பாதிப் பேரைக் கழற்றிவிட்டது. அந்தப் பாதியில் இவளும் ஒருத்தி. தகரக் கூரை போட்டு, இரண்டு சட்டி வைத்து ஆரம்பித்தாள். கூட வேலைக்கு வந்த நாலு பெண்களும் அதே தொழிற்சாலையில் நின்றவர்கள்தாம்.

லண்டனில் ஏழு கடை வைத்திருக்கும் ஒருவர் போன வருசம் ஈப்போவுக்கு வந்து, சந்து முழுக்க வாயில் போட்டுப் பார்த்து, கடைசியில் விமலாவின் மிக்சரைக் கையில் எடுத்தார். முதல் பெட்டி தீபாவளிக்கு அங்கே இருந்தால் வருசம் முழுக்க எடுப்பேன், இல்லாவிட்டால் இந்தியாக்காரனிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார். கையில் காதில் இருந்ததையெல்லாம் விமலா இந்தப் பெட்டியில்தான் போட்டிருந்தாள். பெட்டி ஏறாவிட்டால் தகரக் கொட்டகைக்குப் பூட்டு.

வறுத்த கடலை தயார். பட்டாணி தயார். முறுக்குத் துண்டும் பக்கோடாவும் மூடி போட்ட வாளிகளில் கூரை வரைக்கும் நின்றன. பாக்கி ஓமப்பொடி மட்டும்தான். ஓமப்பொடி இல்லாமல் மிக்சரைக் கட்ட முடியாது. ஓமப்பொடிக்குக் கடலைப் பருப்பு வேண்டும். அச்சுக்குள் இப்போது திணித்ததுதான் கடைசி மாவு.

கையைக் கழுவாமலே ஆ லோக்கைக் கூப்பிட்டாள். ஆ லோக் பழைய ஈப்போவில் பருப்பு இறக்குமதி செய்யும் சீனத் தவுக்கே, பெரிய முதலாளி. இந்தச் சந்தோடு வியாபாரம் பண்ணியே தமிழ் பேசப் பழகியவர்.

“தங்கச்சி, பருப்பு இல்லலா!” அவள் பேசுவதற்கு முன்னாலேயே அவர் அழுதார். “இந்தியாவுல மழ இல்ல, நமக்கே பத்தலன்னு சொல்லி நிறுத்திட்டான். சரின்னு ஆஸ்திரேலியாவுல வாங்குனேன். அந்தக் கப்பல் சிங்கப்பூருக்கு வெளிய நிக்குது. உள்ள எடமில்ல, கியூ! கப்பலுக்கும் கியூலா!”

“எப்ப வரும் தவுக்கே?”

“ரெண்டு வாரம். மூணு வாரம். நா சாமியா?”

விமலா கைப்பேசியை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து டிரெய்லர் ஓட்டும் ரூபன், கையில் தே தாரிக் தேநீர்ப் பையை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். விமலாவின் சின்னம்மா மகன். பெட்டியைக் கிள்ளானுக்கு இழுத்துப் போகப்போகிறவன் அவன்தான்.

“அக்கா, டீசல் மறுபடி ஏறிருச்சு. எண்ணெக் கப்பல் போற அந்த ஜலசந்தி பக்கம் சண்டையாம்.”

“காலையில கேஸ்காரனும் அதத்தான் சொன்னான்” என்றாள் செல்லாயி. “இனிமே ஒரு கேஸ் தோம்புக்கு மேல தர மாட்டானாம்.”

“அதோட ரிங்கிட் வேற ஏறுதாம். டிவில கைதட்டுறான்” என்றான் ரூபன்.

“அது நல்லதுதானடா?”

“யாருக்கு நல்லது? லண்டன்காரன் அங்க குடுக்குற அதே காசு, இங்க வந்து மாத்துனா கொறையும். அக்காவுக்கு அங்கயும் அடி, இங்கயும் அடி.”

செல்லாயி இடுப்பில் கைவைத்து, கூரையைப் பார்த்தாள். “அங்க சண்ட, இந்தியாவுல மழ இல்ல, கடல்ல வழி இல்ல. நம்ம மிக்சருக்கு இத்தன எதிரியா? நம்மள யாருக்குமே தெரியாதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விமலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலை முந்தானையை உதறிச் சொருகி, “எட்டு மூட்டை. எட்டே எட்டு மூட்டை பருப்பு. வாங்க, சந்துல கேட்டுப் பாத்துருவோம்” என்று இறங்கினாள்.

சந்தில் கேட்ட கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். விலை ஏறும் காலத்தில் கச்சாங் பூத்தே கம்பத்தில் யார் வீட்டிலும் எதுவும் இருக்காது. ஒருத்தர் “ஒரு பிடிகூட இல்ல தாயி” என்றார். இன்னொருத்தர் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டினார். வீரம்மா வீட்டு முன்கூடத்தில் கட்டிலின்மேல் பருமனாக எதையோ வைத்துத் தலை முதல் கால் வரை போர்வை போர்த்தியிருந்தது.

“யாருக்கா அது படுத்திருக்கிறது?” என்றாள் விமலா.

“எங்க மாமியாரு. காய்ச்சல்.”

“ஒங்க மாமியாரு போன வருசந்தானக்கா செத்தாங்க? நான்தான மால வாங்கியாந்தேன்?”

வீரம்மா கண் இமைக்கவில்லை. “இது சின்ன மாமியாரு” என்றாள்.

வெளியே வந்து ரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். “அக்கா, சின்ன மாமியாரு அம்பது கிலோ இருப்பாங்க போலருக்கு!”

விமலாவுக்கு ஆத்திரம் வரவில்லை. அவளிடம் இரண்டு மூட்டை மிச்சம் இருந்திருந்தால் அவளும் போர்வைதான் தேடியிருப்பாள். நாளைக்கு என்ன விலை, நாளைக்குக் கப்பல் வருமா என்று தெரியாதபோது யார்தான் எடுத்து நீட்டுவார்கள்?

“பருப்பு இருக்குற எடம் ஒண்ணு எனக்குத் தெரியும்” என்றான் ரூபன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “யாரும் ஒளிச்சும் வைக்கல. அடுக்கி வச்சிருக்கு. நானே கண்ணால பாத்தேன்.”

“எங்கடா?”

“ஆறாங்கட்டையில.”

செல்லாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அடப் பாவி! அது சாமி மூட்டை!”

இந்தச் சந்தில் பாதிக் குடும்பங்கள் பத்து காஜா போகும் பாதையில் இருந்த ஆறாங்கட்டைத் தோட்டத்திலிருந்து வந்தவை. தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முனியாண்டி கோயில் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. சந்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் புதுச் சரக்கு வந்தாலும் லோரியிலிருந்து இறக்கும் முதல் மூட்டை வீட்டுக்குள் போகாது. பிரிக்காமல், கையால் அளையாமல் நேராக ஆறாங்கட்டைக்குப் போகும். ஆடி கடைசி ஞாயிறு பூசைக்கு வடையும் பாயசமுமாகி ஊரே சாப்பிடும். பருப்புக்குப் பஞ்சம் வந்த இந்த வருசமும் அதில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. மற்ற மூட்டையைப் போர்வைக்குள் ஒளிப்பார்களே தவிர, சாமி மூட்டையை ஒளிக்க மாட்டார்கள். பூசை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

“எடுக்கத்தான கூடாது?” என்றாள் விமலா மெதுவாக. “கேக்கலாம்ல?”

“கேக்கலாம். ஆனா யாரு வாயால அவரு பதில் சொல்லுவாருன்னு ஒனக்குத் தெரியும்ல?” என்றாள் செல்லாயி.

தெரியும். முனியாண்டி இறங்குவது ராமையாமேல். ராமையா விமலாவின் கூடப் பிறந்த அண்ணன். நாலு வீடு தள்ளி அவருக்கும் சட்டி இருந்தது. லண்டன்காரரைச் சந்துக்குள் கூட்டி வந்ததே அவர்தான். வந்தவர் அண்ணன் மிக்சரை வைத்துவிட்டுத் தங்கச்சி மிக்சரை எடுத்த அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணம், காரியம் எதிலும் இவளைப் பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போனார்கள். ராமையா கொட்டகையில் சட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சரக்கில்லை. விமலாவைப் பார்த்ததும் முகம் சுவர்ப்பக்கம் போனது. ரூபன் நின்றபடியே விசயத்தை எடுத்துச் சொன்னான். கப்பல், வெள்ளிக்கிழமை, எட்டு மூட்டை.

ராமையா சுவரைப் பார்த்தபடியே பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பிறகு, “டேய் ரூபன், அந்த அம்மாகிட்ட சொல்லு. நான் மளிகைக் கடை வச்சி நடத்தல. கேக்குறதுன்னா அவருகிட்ட கேக்கட்டும். நாளைக்குச் செவ்வாக்கிழம. சாயங்காலம் நாலு மணிக்கு உறுமிக்குச் சொல்லிவிடு” என்றார்.

“அக்கா, நாளைக்கு...” என்று ரூபன் ஆரம்பித்தான்.

“காது கேக்குதுடா” என்றாள் விமலா.

சேதி எப்படித்தான் பரவியதோ! மறுநாள் ஆறாங்கட்டையில் போய் இறங்கினால் சந்து மொத்தமும் அங்கே நிற்கிறது. வேன், மோட்டார் சைக்கிள், வீரம்மா ஒரு வாடகைக் காடியில். சின்ன மாமியாரை மட்டும் கூட்டி வரவில்லை. சாமி மூட்டையைத் தங்கச்சி கேட்கிறாள், அண்ணன் வாயால் சாமி என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

செம்பனை நிழல் நீண்டு கோயில் வாசலைத் தொட்ட நேரம் உறுமி கிளம்பியது. முதலில் மெதுவாக முனகியது. பிறகு அந்தக் குச்சி தோலை இழுக்கும் ஓசை கூட்டத்துக்குள் போய்ச் சுழல ஆரம்பித்தது. சாம்பிராணிப் புகையில் சிவப்புத் துண்டு கட்டிய ராமையா நின்றார். தோள் ஒரு தடவை குலுங்கியது. இன்னொரு தடவை. திடீரென்று “ஏய்!” என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், செம்பனையில் இருந்த குருவியெல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. பீடி குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்த ஆள் இல்லை அது. முதுகு நிமிர்ந்து ஓரடி உயர்ந்தது போலிருந்தது. அரிவாளைப் பிடித்து, சுருட்டைப் பல்லில் கடித்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“யாரு என்னைக் கூப்புட்டது?”

விமலா முன்னால் போய்விட்டாள். பின்னால் இருந்து செல்லாயி தள்ளியதும் ஒரு காரணம்.

“நான்தாஞ் சாமி.”

“என்னா வேணும்?”

“எட்டு மூட்டை கடலப்பருப்பு சாமி. ஒங்க மூட்டைதான். கப்பல் வெள்ளிக்கிழமை போயிரும். பெட்டிய ஏத்தலன்னா அஞ்சு பொம்பளைங்க அடுப்பு அணைஞ்சிரும். மனசு வச்சிக் குடுங்க. கப்பல் வந்ததும் எடுத்ததுக்கு மேல கொண்டாந்து வக்கிறேன்.”

“கப்பல் வந்ததும்!” சாமி பெரிதாகச் சிரித்தார். “எனக்கு ஞாயித்துக்கெழம பசிக்கும். ஒன் கப்பல் ஞாயித்துக்கெழம வருமா?”

விமலா தலையைக் குனிந்துகொண்டாள். உறுமி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தாள். கேட்டதே தப்பு, எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டதுதான் மிச்சம் என்று கண் கலங்கும்போது, சாமி அவளை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“அவ எடுத்துக்கிறட்டும்! எட்டு மூட்டையும் எடுத்துக்கிறட்டும்! ஆனா ஞாயித்துக்கெழம என் வடை கொறையக் கூடாது. எங்க பருப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கட்டுலு மேல தெரியாதா? தண்ணித் தொட்டிக்குள்ள தெரியாதா?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தண்ணீர்த் தொட்டிக்காரர் மெதுவாகத் தன் பெண்டாட்டிக்குப் பின்னால் நகர்ந்தார்.

“சொல்லவா? ஒவ்வொரு வீடாச் சொல்லவா?” அரிவாள் ஓங்கியது. பிறகு சாமி அதே அரிவாளைத் திருப்பித் தன் நெஞ்சிலேயே வைத்தார். “மொதல்ல இந்தப் பய வீட்டுலருந்து ஆரம்பிக்கிறேன்! நான் வந்து நிக்கிற இந்த ஒடம்புக்காரன் இருக்கானே, ராமையா! இவன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால, தகரத்துக்கு அடியில, மூணு மூட்டை! சரக்கில்லன்னு சட்டியக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கான், திருட்டுப் பய!”

எங்கிருந்தோ ரூபன் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு பற்றிக்கொண்டது. சாமி முன்னால் சிரிக்கிறோமே என்ற பயமும் சிரிப்புமாகக் கூட்டமே ஆடியது. உறுமிக்காரர் ஒரு அடியை விட்டுவிட்டார். ராமையாவின் பெண்டாட்டி மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கே தெரியாதாம்.

“ஞாயித்துக்கெழம காலையில எல்லாம் என் வாசல்ல இருக்கணும்!” என்று சொல்லிவிட்டு, வாயில் இருந்த சுருட்டை விமலாவின் கையில் கொடுத்து, அப்படியே சரிந்தார். நாலு பேர் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தபோது பழைய ராமையா. சுற்றி நிற்பவர்கள் ஏன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று விழித்தார். அருளில் சொன்னது சொன்ன ஆளுக்குத் தெரியாது. அதைப் பற்றி அவரிடம் கேட்கவும் கூடாது. சந்தில் அதுவும் ஒரு வழக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததை விமலா எத்தனை தடவை சொன்னாலும் மூச்சு வாங்காமல் சொல்ல மாட்டாள். மூட்டைகள் அன்று சாயங்காலமே மாவு மில்லுக்குப் போயின. புதன்கிழமை காலை அடுப்பைப் பற்றவைத்தால் கேஸ் தோம்பு அரை மணியில் தீர்ந்துபோனது. அடுத்தது நாளைக்குத்தான் என்றான் கேஸ்காரன். விமலா தலையில் கை வைத்தாள். அப்போது கொட்டகைக்கு வெளியே ஒரு லோரி நின்றது. லோரி நிறைய ரப்பர் மர விறகு. ராமையா இறங்கினார். கூடவே அவருடைய பெரிய இரும்புச் சட்டியும் இறங்கியது. வாசலில் மூன்று கல்லைப் போட்டு, சட்டியை ஏற்றி, நெருப்பை மூட்டினார். விமலாவை ஒரு பார்வை பார்க்கவில்லை.

“செல்லாயி,” என்றார், “அந்த அம்மாகிட்ட சொல்லு. விறகு அடுப்புல எண்ணெ சீக்கிரம் காயும். மாவக் கொஞ்சம் தளரப் பெசையச் சொல்லு.”

“அக்கா, மாவக் கொஞ்சம் தளர...”

“அந்த அண்ணங்கிட்ட சொல்லு,” என்றாள் விமலா, “என் மிக்சருக்கு எப்படிப் பெசையணும்னு எனக்குத் தெரியும். லண்டன்காரன் ருசி பாத்தது இதத்தான்னு சொல்லு.”

செல்லாயி இடுப்பில் கை வைத்தாள். “ரெண்டு பேரும் நாலடி தூரத்துல நிக்கிறீங்க. எனக்கு நடுவுல தபால்காரி சம்பளம் தனியாக் குடுத்துருங்கலா!”

அன்று மாலைக்குள் அவள் இரு தரப்பிலும் எத்தனை சேதி சுமந்தாள் என்று கணக்கில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அந்தப் பக்கம். ஓமம் போதாது என்று இந்தப் பக்கம். ஆனால் விமலா ஒன்றைக் கவனித்தாள். தளரப் பிசைந்த மாவுதான் விறகு நெருப்புக்கு உடையாமல் வந்தது. சேதி அனுப்பாமலே அடுத்த உருண்டையிலிருந்து தளரப் பிசைந்தாள். அவரும் கவனித்தார். ஓமத்தை அவராகவே கூட ஒரு பிடி போட்டார்.

வியாழக்கிழமை சந்தில் மற்றவர்களும் வந்து கை கொடுத்தார்கள். சாமி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம் பாதி, வேடிக்கை பாதி. டிரெய்லர் சந்துக்குள் நுழையாது. பெரிய சாலையில் நிறுத்தி, வீட்டு வாசல் முதல் பெட்டி வாசல் வரை ஆள் நின்று அட்டைப் பெட்டிகளைக் கை மாற்றினார்கள். வீரம்மா நடுவில் நின்று, “வேகமா, வேகமா! இது என்ன பந்தி பரிமாறுறதா?” என்று எல்லாரையும் விரட்டினாள். வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் பெட்டியின் கதவைச் சாத்தி முத்திரையும் போட்டாகிவிட்டது. விமலா ரூபன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சந்தே கையசைத்தது. ராமையா மட்டும் விறகுச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.

சிலிம் ரிவர் ஊர் வரைக்கும் பறந்து வந்தார்கள். அங்கே நெடுஞ்சாலை அப்படியே நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ ஒரு லோரி கவிழ்ந்திருந்தது. கடல் வற்றினாற்போலக் காடிகள் அசையாமல் கிடந்தன.

“டேய், கப்பலுக்குக் கியூன்னு ஆ லோக் சொன்னப்ப சிரிச்சேன்டா” என்றாள் விமலா. அவள் கை தன்னால் முனியாண்டி கொடுத்த அணைந்த சுருட்டைத் தேடியது. முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

“அக்கா, பழைய ரோட்டுல போயிரலாமா? வளைவு நெறைய இருக்கும்.”

“வளைவு இருந்தா என்ன, ஓமப்பொடி ஒடஞ்சாலும் மிக்சர் மிக்சர்தான். போடா!”

வெளியேறும் வழியில் இறங்கி, பழைய சாலையைப் பிடித்து, கடைத்தெரு, பள்ளிக்கூடம், செம்பனை, மறுபடி செம்பனை என்று விழுந்து விழுந்து ஓடினார்கள். ஒவ்வொரு வளைவிலும் விமலாவின் உடம்பு ரூபன்மேல் சாய்ந்து திரும்பியது. அந்த ஓட்டத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. தனக்குக் கொடு என்று வாசல் வாசலாகக் கேட்டபோது ஒரு பிடி தராதவர்கள், சாமிக்கு என்றதும் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அது சாமிக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். யாருக்கு முதலில் தெரிந்தது என்று கேட்கத்தான் வழியில்லை.

துறைமுக வாசலில் லோரிகள் வரிசை. கௌரி மஞ்சள் சட்டை போட்டு வெயிலில் நின்று, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். “வாங்கோ, வாங்கோ! பேப்பரெல்லாம் குடுத்திட்டன். நேரா உள்ள விடுங்கோ!”

தடுப்புக் கம்பு மேலே போனது. டிரெய்லர் உள்ளே உருண்டது. பின்னால் கம்பு இறங்கியபோது கௌரி கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. விமலா கீழே குதித்து அவளைக் கட்டிப் பிடித்தாள். மஞ்சள் சட்டையெல்லாம் மசாலா மணம்.

கைப்பேசி அடித்தது. அழிக்காமல் வைத்திருந்த ஒரு எண். எடுத்தாள். பின்னால் சந்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு செல்லாயி குரல்.

“அக்கா, அண்ணே கேக்கச் சொன்னாரு. உள்ள போயிருச்சான்னு.”

“அவரையே கேக்கச் சொல்லு.”

அங்கே ஏதோ இழுபறி. “பேசுங்கலா, எனக்குத் தபால் சம்பளம் எவனும் தரல” என்று செல்லாயி திட்டுவது கேட்டது. அப்புறம் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

“ஏ விமலா. போயிருச்சா?”

ஒரு வருசம் கழித்துத் தன் பெயரை அந்தக் குரலில் கேட்கிறாள்.

“போயிருச்சுண்ணே! உள்ள போயிருச்சு!”

“ம். அப்ப ஞாயித்துக்கெழம வெள்ளனே வா. வடைக்குப் பருப்பு நெறைய வந்து கெடக்கு. அரைக்க ஆளில்ல.”

“வாரேன். ஏண்ணே...” அவள் வாயை அடக்க முடியவில்லை. “அந்தக் கோழிக்கூண்டுக்குப் பின்னால இருந்த மூணு மூட்டையும் வந்துருச்சா?”

“எந்தக் கோழிக்கூண்டு?” என்றார் ராமையா. “அவரு என்ன சொன்னாரோ, எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பேசியை வைப்பது விமலாவுக்குக் கேட்டது. தூரத்தில், பெட்டி தூக்கும் பெரிய எந்திரம் ரூபனின் டிரெய்லரை நோக்கி நகர ஆரம்பித்தது.